மீன்தொட்டியின் பம்பும் மலிவான நகலும்

வண்டூர்ப் படகுத்துறையில் படகேறி, ஜாலிபாய் தீவையடைந்து, கண்ணாடி அடித்தளம் கொண்ட சிறு படகில் அமர்ந்து கடலடியை நோக்கிய அன்பர்களுக்கு ஓர் எண்ணம் தோன்றாமற் போகாது. மான்கொம்பு போற் கிளைத்த பவளமும், கடற்சாமந்தியின் விரல்களுக்கிடையே ஒளிந்து விளையாடும் கோமாளி மீனும் கண்ணைக் கவர, 'இதில் ஒரு பிடியை நம் வீட்டுக் கூடத்திலே வைத்துக்கொள்ள இயலாதா?' என்று உள்ளம் ஏங்கும்.

இயலாது. 1983ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இக்கடற்பூங்கா, பதினைந்து தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் உள்ளிட்டு 281.5 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா என வழங்கும் இதனுள்ளிருந்து உடைந்த பவளத்துண்டு ஒன்றைக்கூட எடுத்துச் செல்லலாகாது. பூங்காவுக்கு வெளியிலும் பவளத்தைத் தொட வழியில்லை. பாறை கட்டும் பவளங்களும் கடற்குதிரைகளும் 2001ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்று, புலிக்கும் யானைக்கும் உள்ள காவலைப் பெற்றுவிட்டன. அழகைக் கண்டு மகிழலாம். கண்ட இடத்திலேயே விட்டு வரவேண்டும்.

ஆயினும் மீன் வளர்க்கும் ஆசையுடையார்க்கு வேறு வழி உண்டு. சென்னையில் கொளத்தூரும் அதனை அடுத்த பகுதிகளும் நன்னீர் அழகுமீன் வளர்ப்புக்கும் வாணிகத்துக்கும் பெயர் பெற்றவை. கடல்மீனே வேண்டுமென்பார்க்கு, தொட்டியிலே முட்டையிட்டுத் தொட்டியிலே பொரித்த கோமாளி மீன்கள் கிடைக்கின்றன. அவற்றை இனப்பெருக்கம் செய்விக்கும் முறையை மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்துத் தந்திருக்கின்றனர். ஆக, மீன் கிடைத்துவிட்டது. கண்ணாடித் தொட்டியும் கிடைத்துவிட்டது. கிடைக்காதது கடல் ஒன்றே. அந்தக் கடலின் வேலையைச் செய்வதற்குத்தான் பம்பு வேண்டும்.

நாளொன்றுக்கு இருமுறை ஏறியும் இருமுறை வடிந்தும் ஓதநீர் வண்டூர்க் கரையில் செய்யும் பணியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அது பவளத்துக்கு உணவைக் கொணர்கிறது, கழிவை அகற்றுகிறது, அலையாய் உடைந்து காற்றை நீரோடு கலக்கிறது. மீன் சுவாசிப்பது நீரில் கரைந்த பிராணவாயுவை. நம் நாட்டு வெப்பத்தில், 28 பாகை சென்டிகிரேடில், ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 7.8 மில்லிகிராம் பிராணவாயுவையே தாங்கும், கடல்நீரோ 6.4 மில்லிகிராம் அளவே தாங்கும். நீர் சூடாகச் சூடாக இது இன்னும் குறையும். குளிர்நாட்டார் எழுதிய நூல்களைப் படித்துவிட்டு, 'இத்தனை சிறிய பம்பு போதும்' என்று முடிவு செய்வோர் தவறிவிடுவது இவ்விடத்தில்தான்.

பிராணவாயு வேண்டுபவை மீன்கள் மட்டுமல்ல. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா நஞ்சாகும். வடிகட்டியின் பஞ்சிலும் கல்லிலும் குடியேறும் நுண்ணுயிர்கள் அந்நஞ்சை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அத்தனை கொடிதல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவையும் சுவாசிக்கின்றன. பம்பு நின்று சில மணி நேரம் நீரோட்டம் அற்றுப்போனால், மூடிய வடிகட்டியினுள் இவை மூச்சுத் திணறி மடியத் தொடங்கும். மீண்டும் மின்சாரம் வந்தவுடன் அந்த அழுகிய நீரே தொட்டிக்குள் பாய்கிறது. நெடுநேரம் மின்சாரம் நின்றிருந்தால் வடிகட்டியில் தேங்கிய நீரைக் கீழே கொட்டிவிட்டுப் பிறகு ஓட்டுவதே நலம்.

இனி யந்திரத்தைப் பார்ப்போம். மீன்தொட்டிப் பம்பு மிக எளிய பொறி. காந்தத்தாலான உருளை ஒன்று, மெல்லிய அச்சின்மீது அமர்ந்து, நீருக்குள்ளேயே சுழல்கிறது. அதனோடு ஒட்டியிருப்பது இம்பெல்லர் எனப்படும் சுழல்விசிறி. மின்கம்பிச் சுருள் அவ்வளவும் எபாக்ஸிப் பசையில் புதைக்கப்பட்டு, நீர் புகாதவாறு தனியே அடைபட்டிருக்கிறது. சுருளுக்கும் காந்தத்துக்கும் இடையே தொடர்பு, கண்ணுக்குத் தெரியாத காந்தப்புலம் மாத்திரமே. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு ஐம்பது முறை முன்னும் பின்னுமாக அலைவதால், காந்த உருளை நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும். ஒரு வேடிக்கை என்னவெனில், இவ்வகை மோட்டார் எந்தப் பக்கம் சுழலத் தொடங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வலமாகவும் சுழலும், இடமாகவும் சுழலும். அதனால்தான் இதன் விசிறி இதழ்கள் வளைவின்றி நேராக இருக்கின்றன. அண்மைக் காலத்தில் 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை பெருகியிருக்கின்றன. அவை ஒரே திசையில் சுழல்வன. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். நீரில் கைவிடுவோர்க்கு அபாயமும் குறைவு.

அட்டைப்பெட்டியின்மேல் 'மணிக்கு 1000 லிட்டர்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது நீரைச் சற்றும் மேலே ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. அருகே சிறிய எழுத்தில் 'உச்ச உயரம் 1.5 மீட்டர்' என்றிருக்கும். அதாவது ஒன்றரை மீட்டர் உயரத்தில் நீர் வரவே வராது. இடையில் ஒரு மீட்டர் ஏற்றினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். குழாய் வளைவும் பஞ்சின் அழுக்கும் அதையும் குறைக்கும். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டியில், மணலும் கல்லும் போக, ஏறக்குறைய நூறு லிட்டர் நீர் நிற்கும். நன்னீர் மீனுக்கு இந்நீர் மணிக்கு நான்கைந்து முறை சுழன்றாற் போதும். கடல்நீர்த் தொட்டிக்குப் பத்து முறைக்குக் குறையலாகாது. கடைக்காரர் சொல்வதை நம்பவேண்டிய அவசியமே இல்லை. பத்து லிட்டர் வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாளி 72 வினாடியில் நிறைந்தால் மணிக்கு 500 லிட்டர். 36 வினாடியில் நிறைந்தால் 1000 லிட்டர்.

மின்செலவையும் மறந்துவிடலாகாது, பம்பு இரவு பகல் ஓய்வின்றி ஓடுவது. 10 வாட் பம்பு ஆண்டுக்கு ஏறக்குறைய 88 யூனிட் கொள்ளும். 25 வாட் பம்பு 219 யூனிட் கொள்ளும். விலையில் மிச்சம் பிடித்ததை மின்கட்டணத்தில் கொடுத்துவிட்டு, அதை அறியாமலே மகிழ்ந்திருப்போர் பலர்.

உப்புநீர்த் தொட்டியாயின் அச்சு பீங்கானால் ஆனதா என்று கேளுங்கள். இரும்பு அச்சு துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகு எனப்படுவதும் கடல்நீரில் நாளடைவில் அரிக்கப்படும். உலோகம் கரைந்தால், அதிலும் செம்பு கரைந்தால், இறால் போன்ற முதுகெலும்பில்லா உயிர்கள் தாங்கமாட்டா. புதிய பம்பை ஒரு வாரம் வாளி உப்புநீரில் ஓட்டிப் பார்த்து, கழற்றி அச்சைத் துடைத்து நோக்கிய பின்னரே தொட்டியில் இறக்குவது எங்கள் வழக்கம். தொட்டிக்குரிய மின்னிணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவைக் கண்டவுடன் துண்டிக்கும் சாதனத்தைப் பொருத்துங்கள். மின்கம்பியைச் சுவரிலுள்ள துளைக்கு நேரே இழுக்காமல், ஒரு முறை தாழத் தொங்கவிட்டு மேலேற்றிச் செருகுங்கள். கம்பிவழி வழியும் நீர் தாழ்ந்த இடத்திலேயே சொட்டிவிடும். காற்றுப் பம்பு வைத்திருப்போர் அதனை நீர்மட்டத்துக்கு மேலே வைக்கவேண்டும். கீழே வைத்தால், மின்சாரம் நின்றவுடன் குழாய் வழியே நீர் பின்னோக்கி இறங்கிப் பம்பையும் நனைத்துத் தரையையும் நனைத்துவிடும்.

இத்தனையும் அறிந்திருந்தும் நாங்கள் ஒருமுறை ஏமாந்தோம். தாய்நிலத்துக்குச் சென்றிருந்தபோது, ஒரு பெருநகரக் கடைவீதியில், புகழ்பெற்ற வெளிநாட்டுப் பெயர் பொறித்த பம்பு ஒன்றை மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வாங்கினோம். பெயரில் ஓர் எழுத்தும் பிசகவில்லை. வண்ணமும் அப்படியே இருந்தது. 'வரியில்லாமல் வந்த சரக்கு' என்றார் விற்றவர். நம்ப விரும்பியதால் நம்பினோம். நான்கு மாதம் நன்றாக ஓடியது. ஓர் இரவில் அச்சு முறிந்து நின்றது. காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, ஏழு மிதந்தன. அப்பெயருக்குரிய உண்மையான நிறுவனத்தின் சுழல்விசிறியை வரவழைத்துப் பொருத்த முயன்றோம். மயிரிழை பருமன் கூடுதலாக இருந்தமையால் அது நுழையவில்லை. எங்கள் பம்பு வேறொரு வீட்டுப் பிள்ளை.

இந்த அனுபவத்தை எங்கள் அறியாமைக்குச் சான்றாக மட்டும் சொல்லவில்லை. மலிவான நகலை வாங்குவது தகுமா, தகாதா என்னும் வழக்கு மீன் வளர்ப்போரிடையே ஓயாது நடக்கிறது. 'உழைத்துக் கண்டுபிடித்தவன் வயிற்றில் அடிப்பது' என்பர் ஒரு சாரார். 'பிளாஸ்டிக் துண்டுக்குப் பல்லாயிரம் ரூபாய் கேட்பதுதான் கொள்ளை' என்பர் மறு சாரார். இரு சாராரும் நகல் என்னும் ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களைச் சுட்டுவதாலேயே வழக்கு முடிவதில்லை.

முதலாவது, யாருக்கும் தனியுரிமை இல்லாத பொதுவறிவைக் கொண்டு செய்த பொருள். காந்த உருளை நீருக்குள் சுழலும் பம்பு பழைய கண்டுபிடிப்பு. 1960களில் ஜெர்மனியின் ஏஹைம் நிறுவனம் மீன்தொட்டி வடிகட்டிகளைச் செய்து விற்கத் தொடங்கி, இத்தொழிலுக்கே வழிகாட்டியது. அக்காலத்துக் காப்புரிமை எதுவும் இன்று உயிரோடு இருக்க இடமில்லை. நம் நாட்டுச் சட்டப்படி காப்புரிமையின் ஆயுள் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டு. எனவே சீனத்திலோ, நம் நாட்டிலோ ஒருவர் அவ்வகைப் பம்பைத் தம் சொந்தப் பெயரில் செய்து மலிவாக விற்றால் அது திருட்டன்று. கண்டுபிடித்தவர்க்குச் சில காலம் தனியுரிமை, அதன்பின் உலகோர் அனைவர்க்கும் உரிமை என்பதே அன்று செய்துகொண்ட ஒப்பந்தம். உலகம் தன் பங்கைப் பெற்றுக்கொள்கிறது, அவ்வளவே.

இரண்டாவது, அண்மையில் ஒருவர் சிந்தித்துச் செய்த புதுமையை அவர் பயன் பெறுமுன்னே அப்படியே பெயர்த்துச் செய்வது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் துன்ஸே நிறுவனத்தார், ஊசிமுனைபோற் பீச்சாமல் அகன்ற நீரோட்டமாகத் தள்ளும் விசிறிப் பம்புகளைப் பரப்பினர். அமெரிக்காவின் எக்கோடெக் நிறுவனத்தார் மோட்டாரையே தொட்டிக்கு வெளியே வைத்து, கண்ணாடியை ஊடுருவும் காந்தவிசையால் உள்ளேயிருக்கும் விசிறியைச் சுழற்றும் வோர்டெக் பம்பைக் கொணர்ந்தனர். மின்சாரமும் வெப்பமும் நீரை அணுகாத இந்த ஏற்பாடு மெச்சத்தக்கது. இவற்றைப் பார்த்தால் அவையே என்னும்படி செய்த மலிவுப் பொருள்கள் உலகெங்கும் விற்கின்றன. இங்குதான் மனச்சாட்சிக்கு வேலை.

சட்டம் இதில் முழு விடை தருவதில்லை. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியே பெறவேண்டியது. அமெரிக்காவில் பெற்றவர் இந்தியாவில் பெறாவிடில், இங்கே அதைச் செய்வதும் விற்பதும் குற்றமாகா. நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளமிட்ட அறிக்கையை 1959ஆம் ஆண்டில் அளித்தவர் நம்மவரான நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார். காப்புரிமை என்பது கண்டுபிடித்தவரின் நலத்துக்காக மட்டுமன்றி, அதை வழங்கும் நாட்டு மக்களின் நலத்துக்காகவும் இருக்கவேண்டும் என்னும் நோக்கில் அவ்வறிக்கை அமைந்தது. அதன் வழியே வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தராமல், அதைச் செய்யும் முறைக்கு மட்டும் தந்தது. அதனால் இந்தியத் தொழிற்சாலைகள் வேறு முறைகளிற் செய்த மருந்துகள் ஏழையர்க்கு எட்டும் விலையில் கிடைத்தன. 2005ஆம் ஆண்டு முதல் அந்நிலை மாறிவிட்டது. நகல் என்றவுடன் முகஞ்சுளிப்பவர் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளவேண்டும்.

ஆனால் உயிர்காக்கும் மருந்தும் கூடத்து மீன்தொட்டியும் ஒன்றல்ல. மருந்தின்றி இருக்க முடியாது. வோர்டெக் பம்பின்றி இருக்க முடியும். 'என்னால் அவ்வளவு கொடுக்க இயலாது' என்பது அந்நகலை வாங்குவதற்கு நியாயமாகாது என்றே நாங்கள் கருதுகிறோம். ஏனெனில் இயலாதவர்க்கு மூன்றாவது வழி திறந்திருக்கிறது. முன்னே சொன்ன பழைய வகைப் பம்பைத் தம் பெயரிட்டுச் செய்யும் ஒருவரிடம் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். இரண்டு வாங்கித் தொட்டியின் இரு மூலையிலும் வைக்கலாம். நீரோட்டம் அவ்வளவு நேர்த்தியாக இராது. மீன்களுக்குப் போதும். மற்றொன்றும் சொல்லவேண்டும்: மூலப்பொருளைச் செய்தவர் நம் நாட்டில் விற்பதுமில்லை, உதிரிப்பாகம் தருவதுமில்லை என்றால், நகலை வாங்கியவரை நாங்கள் குறை கூறமாட்டோம். விற்க வராதவர்க்கு விற்பனை நட்டம் ஏது?

மூன்றாவது வகை, எங்களை ஏமாற்றியது போன்றது. பிறர் பெயரைத் தன்மேல் பொறித்துக்கொண்டு வருவது. இதில் வழக்குக்கே இடமில்லை. 1999ஆம் ஆண்டு வாணிகக் குறிகள் சட்டப்படி, பொய்க்குறியிட்ட பொருளை விற்பவர்க்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சட்டம் விற்பவரையே நோக்குகிறது. தெரிந்தே வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டவரை அது கேட்பதில்லை. கேட்கவேண்டியவர் அவரே. நம்மவர் இதை எளிதில் உணரலாம். 1937இல் மின்மோட்டார் செய்து காட்டிய கோயம்புத்தூர், பம்புக்கும் மாவரைக்கும் யந்திரத்துக்கும் பெயர் பெற்ற ஊர்; கோயம்புத்தூர் மாவரைக்கும் யந்திரம் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. எங்கோ செய்த யந்திரத்தில் அவ்வூர்ப் பெயரை ஒட்டி டில்லியிலோ மும்பையிலோ நம்மிடம் விற்றால் நமக்குச் சினம் வருமன்றோ? ஜெர்மன் ஊரொன்றின் தொழிலாளிக்கும் அதே சினம் வரும்.

கோவைப் பட்டறைகளிலும் வெளிநாட்டு யந்திரத்தைக் கழற்றிப் பார்த்துக் கற்றவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள். கழற்றிப் பார்த்துக் கற்பது தொழிலாளியின் பள்ளிக்கூடம். கற்றபின் தம் பெயரை வார்த்து, பழுது வந்தால் 'கொண்டுவாருங்கள்' என்று சொன்னார்களே, அந்த இடத்தில்தான் அவர்கள் நகலெடுப்போரின் கூட்டத்திலிருந்து பிரிந்து போனார்கள். பம்பு வாங்குவோர் கேட்கவேண்டிய முதல் கேள்வியும் அதுவே: 'இதன் சுழல்விசிறி தனியாகக் கிடைக்குமா?'

தீவில் வாழ்வோர்க்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது. சென்னையிலிருந்து கப்பல் போர்ட் பிளேயரை, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நகரை, அடைய ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். அங்கிருந்து வண்டூருக்கு வண்டிப் பயணம் வேறு. முறிந்த அச்சு இத்தனை தூரம் காத்திருக்கலாம். மூச்சுத் திணறும் மீன் காத்திராது. உதிரிப்பாகம் இல்லாத பம்பு பழுதானால் முழுவதும் குப்பைக்குப் போகும். பிளாஸ்டிக்கும் செம்பும் எபாக்ஸியும் பிரிக்க முடியாதபடி இறுகிய அக்குப்பையைத் தீவில் எங்கே போடுவது? ஜாலிபாய்க்குச் செல்வோர் பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டுபோகலாகாது என்று துறையிலே தடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கொல்லையில் மட்டும் அது புதைந்து மட்கிவிடுமா?

ஏழு மீன்களை இழந்த பிறகு நாங்கள் வாங்கியது, கேள்விப்படாத பெயருடைய எளிய பம்பு ஒன்று. விலை நடுத்தரம். பெட்டியில் செய்தவரின் முகவரியும் உதிரிப்பாகங்களின் எண்களும் அச்சிட்டிருந்தன. அதனோடு இரண்டு சுழல்விசிறிகளும் இரண்டு பீங்கான் அச்சுகளும் சேர்த்தே வாங்கி, தேயிலை டப்பாவொன்றில் போட்டு வைத்தோம். மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில் ஓரிரவு பம்பு முனகத் தொடங்கியது. விளக்கை ஏற்றி, அதைக் கழற்றி, தேய்ந்த அச்சை மாற்றிப் பொருத்தப் பத்து நிமிஷம் ஆயிற்று. டப்பாவில் இன்னும் ஓர் அச்சு இருக்கிறது, மற்றொன்றுக்கு எழுதியிருக்கிறோம்.